தறி ஓடுகிற ஊரில் மைக் விற்கிறேன்

மைக் விற்கிற தொழிலில் ஒரே ஒரு கஷ்டம்தான்: வாங்க வருகிறவர்கள் யாரும் காதைக் கொண்டு வருவதில்லை. கண்ணைக் கொண்டு வருவார்கள், செல்போனைக் கொண்டு வருவார்கள், செல்போனுக்குள்ளிருந்து கத்துகிற ஒரு யூடியூப் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். காதை மட்டும் வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வருவார்கள்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறேன். கீபோர்டு, மவுஸ் என்று விற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்தவள்தான். கொரோனா வந்து போனதும், வீட்டுக்கு ஒருத்தர் எதையாவது பேசிப் பதிவு செய்து ஊர் உலகத்துக்கு அனுப்பியே தீருவேன் என்று கிளம்பிவிட்டார்கள். படியேறும்போதே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கம்மி விலையில், ஸ்டுடியோ மாதிரி. என்னைப் போலக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வயிறு எரிகிற சகோதர சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இதே கூத்துதானா?

விளக்கு எரிந்தால் போதும்

பஞ்சு வியாபாரக் குடும்பத்துக்காரர் ஒருவர். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். காலையில் வெந்நீர் குடித்தால் என்ன ஆகும் என்று வீடியோவில் பேசப்போகிறாராம், அதற்கு மைக் வேண்டும். நானும் பொறுப்பாக இரண்டு மைக்கை எடுத்து மாட்டி, அவரையே பேசச் சொல்லி, பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். ஒன்றில் அவர் குரல் அவர் குரல் மாதிரி இருந்தது. இன்னொன்றில் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. நல்லதற்கு விலையும் குறைவு, வேறு என்ன வேண்டும் ஒரு மனுசனுக்கு?

அவர் இரண்டையும் கேட்கவே இல்லை. தகர டப்பா மைக்கின் அடியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழந்தை தேர் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இது சரியில்லை அண்ணாச்சி, குரல் கெட்டுவிடும் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அதையேதான் பில் போடச் சொன்னார். போகிற போக்கில் எனக்குப் புத்தி வேறு சொன்னார்.

"சத்தம் கெடக்கட்டும்மா, வீடியோவுல மைக்கு தெரியணும்லா."

ஒரு சத்தமும் இல்லாத வீடு

கோமதி வந்தது அதற்கடுத்த வாரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் குறைந்து பள்ளியையே மூடிவிட்டார்கள். இப்போது பாடங்களைக் குரலில் பதிவு செய்து விற்கிற ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே வாசித்து அனுப்ப ஆள் எடுக்கிறதாம். மாதிரிக்கு ஒரு பாடம் வாசித்து அனுப்ப வேண்டும், மூன்று தடவைதான் வாய்ப்பு. போனோடு வந்த இயர்போனை வைத்து முதல் தடவை அனுப்பியிருக்கிறாள். குரல் நன்று, பின்னணியில் இரைச்சல் என்று திருப்பிவிட்டார்கள். இது கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து ஸ்பின்னிங் மில் வேலைக்கு வேனில் ஏற வேண்டும், மாமனார் சூப்பர்வைசரிடம் சொல்லியே வைத்துவிட்டார். இதைச் சொல்லும்போது அவள் குரல் லேசாக இறங்கியது. என்ன குரல் தெரியுமா அது! கடையில் ஃபேன் ஓடுகிறது, வெளியே பஸ் உறுமுகிறது, அத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. எனக்கே ஆசையாகிவிட்டது.

நல்லபடியாக எடுத்துச் சொன்னேன். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் செருகுகிற காலர் மைக் மலிவுதான், ஆனால் லேப்டாப்புக்குள் இருக்கிற இரைச்சலையும் சேர்த்துக் கொடுக்கும், யு.எஸ்.பி.யில் செருகுவதாகப் பார்த்து வாங்கு. அதிலும் கன்டென்சர் என்கிற ரகம் வேண்டாம். அது வீட்டில் எவர் தும்மினாலும் காது கொடுத்துக் கேட்கும். டைனமிக் வாங்கு, வாய்க்கு நேரே சொன்னதை மட்டும் வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும், பார்க்கத்தான் லட்சணம் போதாது. அவள் தலையாட்டினாள். கூட வந்த அவள் வீட்டுக்காரன் முருகேசன் ஆட்டவில்லை. யூடியூப் தம்பி கன்டென்சர்தான் ஸ்டுடியோ என்று சொல்லிவிட்டானாம். முருகேசனுக்கு ஒரு வழக்கம், பக்கத்தில் நிற்கிற ஆளிடமும் ஊர்க்கோடியில் நிற்பவனிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவான். உங்கள் வீடு அமைதியான வீடுதானா என்று கேட்டதற்கும் அப்படியே முழங்கினான்.

"நம்ம வீட்டுல ஒரு சத்தமும் கெடையாதுக்கா."

மைக்கைப் பார்த்து வாயை மூடியது

இதற்கு நடுவில் ஒரு நாய். நம்மூர் வெள்ளை நாய்தான், ஆளைவிட உயரம். வளர்த்து விற்கிற அண்ணன் ஒருத்தர் அதைக் கடைக்குள்ளேயே கூட்டிவந்துவிட்டார். குரைப்பைப் பதிந்து போட்டால் வாங்குகிறவனுக்குக் கம்பீரம் தெரியுமாம். இருக்கிற மைக்கையெல்லாம் அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டினோம். நாய் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, பிரிண்டர் பேப்பர்க் கட்டின்மேல் படுத்துக்கொண்டது. அண்ணன் குரைத்துக்கூடக் காட்டினார். கடைசியில் எதையும் வாங்காமல், நாயைத் தட்டி எழுப்பிக்கொண்டு, என்னைத்தான் முறைத்தார்.

"நாய் குலைக்கலன்னா மைக்கு சரியில்லன்னுதானக்கா அர்த்தம்?"

பெட்டியோடு திரும்பி வந்தது

முருகேசன் பிடிவாதமாக வாங்கிப்போன கன்டென்சர் போன வேகத்தில் திரும்பி வந்தது. முருகேசன் பெட்டியை மேசைமேல் வைத்து, மைக்கில் கோளாறு, உள்ளே ஏதோ கழன்று கிடக்கிறது, கம்பெனிக்காரன் மறுபடியும் இரைச்சல் என்று எழுதிவிட்டான் என்றான். ஆக இரண்டு தடவை போய்விட்டது. மிச்சம் ஒன்றுதான், அதுவும் மாதக் கடைசிக்குள். கோமதி பின்னால் நின்றாள். அந்தப் பதிவை என் கம்ப்யூட்டரில் போட்டேன். முதல் நொடியிலேயே டக்கு டக்கு, டக்கு டக்கு. நடுவில் எங்கேயோ ஒரு பெண் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

என் கடையில் சர்வீஸ் பார்க்கிற ஜேம்ஸ் எட்டிப் பார்த்து, தறியா என்றான். ஆமாம், தறிதான். அவர்கள் இருப்பது ஊருக்கு மேற்கே, பேண்டேஜ் துணி நெய்கிற தெருவில். தெரு பூராவும் பவர்லூம். அது போக இவர்கள் வீட்டு முன்கட்டிலேயே இரண்டு தறி, காலையில் போட்டால் ராத்திரி வரைக்கும் ஓடும். ஒரு சத்தமும் கிடையாது என்று என்னிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவன் வீடு இது! எனக்கு வந்த கோபத்துக்கு, ஏன்யா, ரெண்டு தறியை வீட்டுக்குள்ளே ஓட்டிக்கிட்டு அதைச் சொல்லணும்னு தோணலையா என்று கேட்டேவிட்டேன். அவன் நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. பதிவை மறுபடி போடச் சொன்னான், தலையைச் சாய்த்துக் கேட்டான். கோமதியும் கேட்டாள். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து தறிக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுந்தவனுக்கு அது வீட்டுச் சுவர் மாதிரி ஆகிப்போயிருந்தது, வாழ வந்தவளுக்கும்தான்.

"தறிதான ஓடுது. சத்தம் எங்கக்கா கேக்கு?"

மணி வேண்டும், ஹாரன் வேண்டாம்

தறித் தெருவை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மாமா பஸ் ஏறி வந்தார். ரத வீதியில் வீடு, பாசுரம் சொல்லிப் பதிவு செய்து பேத்திக்கு அமெரிக்காவுக்கு அனுப்புகிறார். போன தடவை வாங்கின மைக்கின்மேல் அவருக்குப் பெரிய மனத்தாங்கல். பதிவில் ஆட்டோ ஹாரன், பால்கோவா கடைக்கு இறக்குகிற பால் கேன் சத்தம், டவுன் பஸ் எல்லாம் விழுகிறது. சரி மாமா, டைனமிக் தருகிறேன், கதவைச் சாத்திக்கொண்டு வாயருகே வைத்துச் சொல்லுங்கள், ஒன்றும் விழாது என்றேன். கோயில் மணியுமா விழாது என்று பதறிவிட்டார். மணி விழவேண்டுமாம், நாதஸ்வரமும் லேசாக விழலாமாம். மற்றது ஒன்றும் கூடாதாம்.

மைக்குக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது, வருவதை வாங்கும், அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பெருமாள் சத்தம் எது, பஸ் சத்தம் எதுன்னு தெரியாத மைக்கை எதுக்கும்மா விக்கறே?"

கிணற்றுக்குள் ஒரு பெண்

கோமதி விஷயத்துக்கு வருகிறேன். கன்டென்சரை வாங்கி வைத்துக்கொண்டு, நான் முதலில் சொன்ன அதே டைனமிக்கைக் கொடுத்து அனுப்பினேன். கம்பெனிக்கு அனுப்பாமல், சும்மா சோதித்துப் பார்க்கப் பதிந்து எடுத்து வந்தாள். தறி குறைந்திருந்தது, போகவில்லை. எப்படிப் போகும்? மைக் என்ன மந்திரவாதியா? அதற்குள் முருகேசன் யூடியூப் தம்பி சொன்னான் என்று ஊரிலுள்ள முட்டை அட்டையையெல்லாம் வாங்கிச் சுவர் பூராவும் ஒட்டிவிட்டான். அட்டைக்கு எறும்பு வந்தது. தறிச் சத்தம் அப்படியே இருந்தது. தறியைச் செத்த நேரம் நிறுத்தினால் என்ன என்று கேட்டேன். அதற்கு அவன் அப்பாவிடம்தான் கேட்க வேண்டுமாம். அவர் இந்த மைக் கதையையே காதில் வாங்கவில்லையாம், கவர்மெண்டு இலவச டிவி கொடுத்தபோதுகூடத் தறி நிற்கவில்லை என்றாராம்.

ஜேம்ஸ் மட்டும் அசரவில்லை. இரைச்சலை எடுத்துவிடுகிற சாஃப்ட்வேர் இப்போது வந்திருக்கிறது, அதில் போட்டு வடிகட்டித் தருகிறேன் என்று ஒரு மதியம் பூராவும் உட்கார்ந்தான். கோமதி பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்து அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுப் போட்டான். டக்கு டக்கு சுத்தமாக இல்லை. ஆனால் 'ட' வரவேண்டிய இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது, 'ற' இருந்த இடமே தெரியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது மாதிரி இருந்தது. தமிழ் டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? கோமதி லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, வேன் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஜேம்ஸ் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"தறி போயிருச்சுக்கா. கூடவே அந்தப் பிள்ளையும் போயிருச்சு."

கரண்டு போன நாள்

மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்துவார்கள். அன்று ஊரே மின்வாரியத்தைத் திட்டும். நானும் இத்தனை காலமும் திட்டியவள்தான். இந்தத் தடவை பேப்பரில் அறிவிப்பைப் பார்த்ததும் எனக்குத் திட்டத் தோன்றவில்லை. கரண்டு இல்லையென்றால் கடையில் எனக்கென்ன வேலை? கோமதியின் லேப்டாப்பில் பேட்டரி செத்துப்போய் வருசக்கணக்காகிறது. அதனால் கடை லேப்டாப்புக்கு முதல் நாளே முழுக்கச் சார்ஜ் ஏற்றி, அதையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு தறித் தெருவுக்குப் போனேன். அவளிடமிருக்கிற டைனமிக் மைக் லேப்டாப்பிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்ளும், பிளக்கு பாயிண்டே வேண்டாம்.

அந்தத் தெருவைப் பார்க்க வேண்டுமே! எல்லாத் தறியும் நின்றதும் ஒருத்தருக்கும் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கு வந்து நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை சத்தம் நின்றதில் விழித்து அழ ஆரம்பித்தது. முருகேசன் நடுத்தெருவில் நின்று, எல்லாரும் சும்மா இருங்க, எம்பொண்டாட்டி பதியப் போறா என்று ஊருக்கே கேட்கும்படி அலறினான். அன்றைக்குத் தெருவில் இருந்த ஒரே இரைச்சல் அவன்தான். அவனைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். கோமதி பின்கட்டு அறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் பழக்கத்தில் கத்தித்தான் வாசித்தாள். இங்கே யாருக்கும் கத்த வேண்டாம், பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி படி என்றேன். பொறவு அவள் மெதுவாகப் படித்தாள். ஊர் அடங்கிக் கிடக்க அந்தக் குரல் மட்டும் கேட்டது. நான் சுவரில் சாய்ந்து ஒரு பாடம் முழுவதையும் கேட்டேன், வெட்கமில்லாமல் கண் கலங்கியது.

முடிந்ததும் முருகேசனை உள்ளே விட்டு ஹெட்போனை மாட்டினேன். கோமதி அவன் பக்கத்திலேயேதான் நின்றாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த வீட்டில் இவர்களுக்குள் தறிக்கு மேலே கத்தியோ, கையைக் காட்டியோதான் பேச்சு. சோறு என்றால் ஒரு சாடை, கடைக்குப் போய்வா என்றால் ஒரு சாடை. அவன் கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான், ஹெட்போனைக் கழற்றவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, முதல் தடவையாகக் கத்தாமல் கேட்டான்.

"யாருக்கா இது பேசுதது? வெளியூர்ப் பிள்ளையா?"

எட்டு மணிக்கு

கோமதிதான் சொன்னாள், நான்தான் என்று, அதே குரலில். அவன் எழுந்து போய் முட்டை அட்டைகளைக் கிழித்துப் போட ஆரம்பித்தான். அந்தப் பதிவைத்தான் அனுப்பினோம். வேலை கிடைத்தது. ஆனால் கம்பெனிக்காரன் தினமும் ஒரு பாடம் வேண்டும் என்கிறான், மின்வாரியமோ மாதம் ஒரு நாள்தான் தயவு பண்ணும். நான் கடைக்கு வந்து, மேலே என்ன செய்வது என்று ஸ்பாஞ்சு, திரை, பெரிய ஆடியோ பெட்டி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் நாலு சாமான் விற்க வேண்டாமா?

முருகேசன் ஒன்றுமே வாங்கவில்லை. மடித்து அனுப்ப வைத்திருந்த பேண்டேஜ் துணிக் கட்டுகளைப் பின்கட்டு அறையில் உத்தரம் முட்ட அடுக்கிவிட்டான். என்னிடமிருக்கிற எந்த ஸ்பாஞ்சும் அதன் கிட்ட நிற்காது, பக்கத்து வீட்டுத் தறி வெறும் முணுமுணுப்பாக ஆகிவிட்டது. வீட்டுத் தறி இரண்டையும் காலை எட்டு மணியிலிருந்து அவள் படித்து முடிக்கிற வரைக்கும் அவனே நிறுத்திவிடுகிறான். மாமனார் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், பிறகு சாப்பிட்டார். மில் வேன் இப்போது அந்த வீட்டு வாசலில் நிற்காமல் போகிறது. போன வாரம் கடைப்பக்கம் வந்தவனிடம், பொண்டாட்டி பேசுவதற்காகத் தறியை நிறுத்துகிறாய் என்று தெருவே சிரிக்குதாமே என்று வம்புக்குத்தான் கேட்டேன்.

"சிரிக்கத்தான் செய்யுதாங்கக்கா. நம்ம தறி நின்னதுல, அவங்க சிரிக்குதது கூட இப்ப நல்லாக் கேக்கு."

ஆகவே, கம்மி விலையில் ஸ்டுடியோ மாதிரி வேண்டும் என்று இனிமேல் படியேறி வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு சாமான் உங்கள் வீட்டுச் சுவரிலேயே, ஆன் என்றும் ஆஃப் என்றும் எழுதி, மாட்டித்தான் இருக்கிறது, அதை விற்றுப் பிழைக்கத்தான் எனக்கு வழியில்லை.